ஹெட் கிளார்க்கின் தீவு

நான் போட்ட ரோட்டின் நட்டநடுவில் அந்தத் தாடிக்காரன் கயிறு கட்டி வைத்திருந்தான். நாலு மூலையிலும் முளைக்குச்சி, சுற்றிலும் கயிறு, நடுவே ஒரு பலகை, பலகையில் அவன் பெயர். படகுத்துறையிலிருந்து கடை வரைக்கும் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி, கோணல் விழாமல், இரண்டு பக்கமும் செவ்வந்தி வைத்து நான் இழுத்துக்கொண்டு வந்த ரோடு அது. அதன் மேலே இந்தப் பயல் வீடு கட்டப் போகிறானாம்! தீவில் வேறு இடமா இல்லை? கிழக்குப் பக்கம் முழுக்கக் காலி. குளத்தை ஒட்டி அவனுக்கென்றே ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, இடைஞ்சலாக இருந்த மரத்தைக்கூட வெட்டிப் போட்டிருந்தேன்.

“எவனைக் கேட்டுடா இங்க கயிறு கட்டுனே? காலி பண்ணுடா மொதல்ல!” என்று கத்திவிட்டேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி மருதாம்பாள் கரண்டியோடு ஓடி வந்தாள். “ஏனுங்க, யாருங்க? லைன்ல ஏதாச்சும் சண்டைங்களா?”

“லைன்ல இல்ல, இதுல” என்று டேப்லெட்டைக் காட்டினேன்.

எட்டிப் பார்த்தாள். தாடிக்காரன் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று குழல் ஊதிக்கொண்டிருந்தான். “பாவம், நல்லாத்தான் ஊதறான். இருந்துட்டுப் போறான், உடுங்க.”

“ரோட்டு மேலயா?”

“சித்த சுத்திக்கிட்டுப் போனா என்னுங்க? அதுல என்ன ஊட்டி பஸ்ஸா போகோணும்?” என்று கேட்டுவிட்டு, தோசை கருகுகிற வாசனைக்கு உள்ளே ஓடினாள். நான் அந்தத் தாடியை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம். நான் இராஜமாணிக்கம். குன்னூரை அடுத்த ஜெகதளாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். வேலைக்கென்று மலையேறியவன், அப்புறம் இறங்கவே இல்லை. சம்பளம், லீவு, பிஎஃப் என்று எல்லாமே என் மேஜைக்கு வந்துதான் போகும் என்றாலும், எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளைத் தொழிலாளிகளுக்கு ஒதுக்குவது. சும்மா காலியான வீட்டின் சாவியை எடுத்து நீட்டுகிற சமாச்சாரம் இல்லை அது. அண்ணன் தம்பியை அடுத்தடுத்த வீட்டில் வைக்கக் கூடாது. மாமியாரையும் மருமகளையும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க விடக் கூடாது. குடிக்கிறவனைக் கோயிலை ஒட்டி வைத்தால் பாதி அடங்குவான். கைக்குழந்தைக்காரிக்குக் காலை வெயில் விழுகிற வீடு. எந்த வீட்டுக்கு எந்த மாதம் எப்போது வெயில் வந்து எப்போது போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேனேஜர் துரை மாறினார், முதலாளி மாறினார், நான் ஒதுக்கியதை ஒருத்தரும் மாற்றியதில்லை.

அப்புறம் ஏலத்தில் தேயிலைத் தூள் விலை விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. கொழுந்து பறிப்பு வாரத்தில் பாதி நாளாகச் சுருங்கியது. பாக்டரி சத்தம் ஒருநாள் கேட்கும், இரண்டு நாள் கேட்காது. ஆட்கள் சொல்லியும் சொல்லாமலும் கிளம்பினார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சிலர் போனார்கள், கூடலூர்ப் பக்கம் மிளகு பறிக்கச் சிலர் போனார்கள். மருதாம்பாளுக்கு உயிர்ச் சிநேகிதியான கருப்பம்மா, ஊட்டி போகிற வழியில் கேத்தியில் கேரட் கழுவுகிற வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டாள். லைன் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு. ஒதுக்குவதற்கு வீடு ஏராளம், குடிவர ஆள் இல்லை. ஆபீசில் நானும் பியூன் தங்கையாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் இந்து, பொங்கலுக்கு வந்தபோது என் நிலைமையைப் பார்த்தாள். தன் பழைய டேப்லெட்டில் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். “அப்பா, இது ஒரு தீவு. ஒவ்வொருத்தரா படகுல வருவாங்க. நீங்க ரோடு போடுங்க, மரம் வைங்க, ஊரைக் கட்டுங்க. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது” என்றாள். எனக்குன்னே செஞ்ச மாதிரியாம்! ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். அந்தத் தீவில் பாலம் கட்டலாம், ஆற்றைத் திருப்பலாம், மலையைக்கூடக் கொஞ்சம் செதுக்கலாம். புதிதாக வருகிறவன் எங்கே வீடு கட்டுவான் என்பது மட்டும் நம் கையில் இல்லை. அது அவன் இஷ்டம்.

நானும் விட்டேனா? தாடிக்காரனுக்கு அடுத்து ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்ததும், தீவின் காலி இடமெல்லாம் பூச்செடி நட்டு அடைத்தேன். அவளுக்கு என்று நான் நினைத்திருந்த இடத்தை மட்டும் விட்டுவைத்தேன். குடை பிடித்துக்கொண்டு வந்தாள் மகராசி. கிணற்றுக்கும் பாலத்துக்கும் நடுவில், ஒரு பூனை படுக்கிற அளவு இடம் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அங்கே கயிறு கட்டிவிட்டாள். இந்துவுக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து, அப்புறம் ஒரு வழி சொன்னாள். சேவ் பண்ணாமல் மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் குடைக்காரி வேறு இடத்தில் கயிறு கட்டுவாளாம். பிடிக்கிற வரைக்கும் மூடி மூடித் திறக்கலாமாம்.

காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதே வேலையாயிற்று. திறப்பேன். செவ்வந்திப் பாத்தி மேலே கட்டியிருப்பாள். மூடுவேன். திறப்பேன். என் வீட்டு வாசலை மறித்துக் கட்டியிருப்பாள். மூடுவேன். கடலுக்கு முதுகைக் காட்டி, கடைக்குப் பின்னால், தாடிக்காரன் தலைமேல் ஏறாத குறையாக, எங்கெங்கோ கட்டினாள். கடைசியில் ஒரு நாள் அச்சு அசலாக நான் ஒதுக்கிய இடத்தில், நான் நினைத்த திசையைப் பார்த்துக் கட்டியிருந்தாள். சந்தோஷத்தில் டேப்லெட்டை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடக்கிறது. சேவ் ஆகவில்லை. மறுபடி திறந்தபோது அம்மணி என் பாலத்து வாயில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அலுத்துவிட்டது, அங்கேயே இருந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

தங்கையாவிடம் புலம்பினேன். அவர் சிலோனிலிருந்து வந்து இங்கேயே நரைத்தவர், சிரிப்பை அடக்கவே தெரியாது. “ஐயா, இத்தனை லைனையும் ஒத்தை விரல்ல ஆட்டிவச்சீங்க. ஒரு பொம்மை உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குதே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தங்கையாவிடம் சொல்லவில்லை.

பங்குனியோடு எனக்கு ரிட்டையர்மென்ட். க்வாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மிச்சக் காலத்தை எங்கே கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது, நானும் வழக்கம்போல முடிவு செய்துவிட்டிருந்தேன். மார்கழியில் மருதாம்பாளைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கீழே காரமடைக்குப் போய் ஒரு வீடு பார்த்தேன். இப்போதைக்கு வாடகை, பிடித்துப்போனால் விலைக்கே தருவதாக ஓனர் சொல்லியிருந்தார். கதவைத் திறந்து ஹாலுக்குள் காலை வைத்தேன், அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். மேற்கே சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். சாயங்கால வெயில் உள்ளே வந்து என் முழங்கால் வரைக்கும் நிற்கிறது! மலையில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். ஆடி மாதத்தில் துணி காயாமல் கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உலர்த்துகிற கூட்டம் நாங்கள். ஒரு வீடு நல்ல வீடா என்றால், வெயில் வருமா என்றுதான் முதல் கேள்வி. இங்கே கேட்காமலே கொட்டுகிறது. போதாக்குறைக்கு ஜன்னலில் எங்கள் மலை முழுசாகத் தெரிந்தது.

“மருதா, பாரு! பொழுது உழுகற வரைக்கும் வெய்யலு!”

“வெளிச்சமா இருக்குதுங்க” என்றாள்.

“புடிச்சிருக்குதா?”

“உங்களுக்குப் புடிச்சாச் செரிங்க.”

அந்தப் பதில்தான் என்னைக் குடைந்தது. மருதாம்பாள் வாயில்லாப் பூச்சி இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று சம்பந்தியிடமே சொல்கிறவள். துரையின் சம்சாரம் கட்டிவந்த பட்டுப்புடவையைப் பார்த்து, ‘இந்தக் கலரு உங்களுக்கு எடுக்கலீங்களே’ என்றவள். அப்படிப்பட்டவள் வீட்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கம்பெனி கொடுத்த க்வாட்டர்ஸிலேயே காலம் தள்ளியவள். பாக்டரிக்குப் பக்கத்தில் ஒன்று, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒன்று. எந்த வீட்டையும் அவளாகப் பார்த்து எடுத்ததில்லை. பிடிக்காத வீட்டுக்கு என்னோடு இறங்கிவந்து, பிடிக்கவில்லை என்று கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மாசி மாதம் எவர்சில்வர் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை கேட்டேன். “எல்லா ஊடும் ஊடுதானுங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு அண்டாவை என் கையில் கொடுத்துச் சாக்கில் கட்டச் சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் தீவில் தாடிக்காரன் தோளில் மூட்டையோடு என்னைத் தேடி வந்தான். இங்கிலீஷில் பேசுவான். இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை, கிளம்பலாம் என்று இருக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். கீழே இரண்டு பட்டன். ஒன்று, போய் வா. இன்னொன்று, இரு. எவ்வளவு நாளாக இதற்குக் காத்திருந்தேன்! ஆனால் விரல் போகவில்லை. படத்தில் வரைந்த பயல், மூஞ்சிக்கு நேராக நின்று ஒத்துவரவில்லை என்று சொல்கிறான். என் வீட்டில் இருக்கிறவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். எங்கேடா போவாய், உனக்கு எந்த இடம்தான் பிடிக்கும் என்று அவனைக் கேட்கத் தோன்றியது. அதற்கு அதில் பட்டன் இல்லை. போய் வா என்றேன். மறுநாள் என் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. எனக்கு ஏனோ அதில் நடந்து பார்க்கக்கூட மனசு வரவில்லை.

பங்குனியில் நல்ல நாள் பார்த்துக் காரமடையில் பால் காய்ச்சினோம். சாமான் எதுவும் இன்னும் இறக்கவில்லை. இந்துவுக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஒரு சாமி படம், ஒரு அடுப்பு, ஒரு பால் சட்டி. முதல் நாளே கீழே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் போய்க் காய்ச்சினோம். பால் கிழக்கே பார்த்துப் பொங்கியது. பக்கத்து வீட்டு சுப்பண்ணன் வந்து ஒரு டம்ளர் குடித்து வாழ்த்திவிட்டுப் போனார். காலையெல்லாம் ஹால் ஜிலுஜிலுவென்று இருந்தது. பார்த்தாயா என்கிற மாதிரி நான் மருதாம்பாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். உச்சி திரும்பியதும் வெயில் அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. மார்கழியில் முழங்கால் வரைக்கும் வந்ததே, அதே வெயில்தான். முதலில் தரை சுட்டது. அப்புறம் சுவர் சுட்டது. ஃபேனைப் போட்டால் அடுப்பை ஊதுகிற மாதிரி அனலை அள்ளி மூஞ்சியில் அடித்தது. ஐயோ ஐயோ என்று ரூமுக்கு ஓடினேன், அங்கேயும் அனல். மருதாம்பாள் ஹாலிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து ரூமுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் குளியலறை வாசல்படியில் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மலையில் பழகிய பழக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் பையில் ஸ்வெட்டர் வேறு கொண்டுவந்திருந்தோம்.

சுப்பண்ணன் ஒரு சொம்பு மோரோடு வந்தார். “ஏனுங்க, மலையில இருந்துங்களா வர்றீங்க?”

“ஆமாங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“மேக்கால இத்தாப் பெரிய ஜன்னல் வெச்ச ஊட்டை மலைக்காரங்களைத் தவுத்து எவன் ஆசைப்பட்டு எடுப்பானுங்க?” அவர் உடம்பே குலுங்கியது. “போன வருசம் குன்னூர்ல இருந்து ஒரு வாத்தியார் வந்தாருங்க. அவரும் மார்கழியிலதான் பாத்தாரு. வெய்யல் வருது வெய்யல் வருதுன்னு ஒரே குதி. சித்திரை பொறக்கறதுக்குள்ள மூட்டையக் கட்டிட்டாரு. நீங்களாச்சும் பாலோட நிக்கறீங்க, அவரு பீரோ கட்டலெல்லாம் எறக்கிட்டாரு.” மோரைக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எஸ்டேட் முழுக்க வெயில் பார்த்து வீடு கொடுத்தவன்! அன்னூர் வெயிலில் பிறந்து வளர்ந்ததையே மலை மறக்கடித்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “ஜன்னலுக்குக் கெட்டியா ஸ்க்ரீன் போட்டுக்கலாம். வாசல்ல ஒரு வேப்பங்கன்னு வெச்சா நெழல் வந்துரும். ஏ.சி. ஒண்ணு மாட்டிட்டா...” என்று அடுக்கிக்கொண்டே போனேன். மருதாம்பாள் தலையில் போட்டிருந்த துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“செரி மருதா. நீ சொல்லு. உனக்கு எங்க போகோணும்?”

துண்டை விலக்கினாள். முகம் சிவந்திருந்தது. “நெசமாக் கேக்கறீங்களா?”

“நெசமாத்தான்.”

“கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு புள்ள.”

“இந்த ஊடு எனக்குப் புடிக்கலீங்க. பாத்த அன்னிக்கே புடிக்கலீங்க.”

அப்பாடா! மார்கழியிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த நிமிஷம் இறங்கியது. அந்த வேக்காட்டிலும் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். வெயிலில் இந்த மனுசனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் மோர்ச் சொம்பை என் கையில் திணித்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?”

“நீங்க அந்த வெய்யலைப் பாத்துப்போட்டுக் கொழந்தையாட்டச் சிரிச்சீங்க. அதைக் கெடுக்க மனசு வரலீங்க.” கொஞ்சம் தயங்கினாள். “நான் ஒரு ஊடு பாத்து வெச்சிருக்கறனுங்க.”

“நீயா? எங்க?”

“கேத்தியில. கருப்பம்மா ஊட்டுக்கு ரெண்டு ஊடு தள்ளி. கேரட் கழுவற மிசினு இருக்குதல்லங்க, அதுக்குப் பின்னால.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை ஓட்டை அந்த இடத்தில்! பள்ளத்தில் இருக்கிறது, மார்கழியில் உறைபனி விழும். லாரி வந்துபோகிற வழி, எப்போதும் சேறு. விடிவதற்கு முன்னாலேயே மிஷின் சத்தம் தொடங்கிவிடும். வெயிலோ, மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வருவதற்கு நேரமாகும். எனக்கு ஆகாதவனுக்குக்கூட அந்த இடத்தை ஒதுக்க மாட்டேன். எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மோரை ஒரு மடக்குக் குடித்து அத்தனையையும் உள்ளே தள்ளினேன்.

“ஏன் அங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“லைனு காலியானதுல இருந்து நம்ம க்வாட்டர்ஸ்ல ஒரு சத்தங் கெடையாதுங்க. நீங்க ஆபீஸ் போயிருவீங்க. நான் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பனுங்க. ரேடியோவப் போட்டாலும் அது பாட்டுக்குப் பேசுது. கருப்பம்மா ஊட்டுக்குப் போனா லாரி வருது, பொம்பளைக கத்தறாளுக, மூட்டைக்குச் சண்டை போடறாளுக, எவளாச்சும் ஒருத்தி வந்து ‘அக்கா, கொளம்பு இருக்குதா’ன்னு கிண்ணத்தை நீட்டறா.” என்னைப் பார்க்காமல் துண்டைப் பிழிந்தாள். “எனக்கு அங்க போனாத்தானுங்க பசிக்குது.”

ஒரு வருஷமாக இவள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பிசைந்து பிசைந்து எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போய் சாமி படத்தை எடுத்துத் துணியில் சுற்றினேன். பால் சட்டியை அவள் கழுவினாள். சாவியை சுப்பண்ணனிடம் கொடுத்து ஓனருக்குச் சொல்லிவிடச் சொன்னேன். “வாத்தியாரை உட நீங்க கெட்டிக்காரருங்க. ஒரே நாள்ல தப்பிச்சுட்டீங்க” என்றார். வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

பஸ் கல்லாறு தாண்டி வளைவுகளில் ஏற ஏறக் காற்று மாறியது. பர்லியாறு வந்ததும் மருதாம்பாள் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். அவள் பேசிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எங்கே வரும், கொடி எங்கே கட்டலாம், பக்கத்து வீட்டுப் படுக இனத்து அம்மா எப்படிக் கை நிறையப் பீன்ஸைக் கொடுத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவாள் என்றெல்லாம். இவ்வளவு ஆசை இவளுக்குள் இருந்ததா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் ஓர் இடத்தில், கொடியை அங்கே கட்டினால் புகை பிடிக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டோம். ஜெகதளா பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை. “பொழுது இன்னும் இருக்குதுங்க. ஊட்டி பஸ்ஸு நிக்குது பாருங்க” என்றாள். போய் முதலில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்தாள். கண்டக்டரிடம் அவளே டிக்கெட் கேட்டாள்.

கேத்திப் பள்ளத்தாக்கு கீழே தெரிகிற வளைவில் இறங்கினோம். தெரிகிற வளைவு என்றுதான் பெயர், பள்ளத்தாக்கு முழுக்க மேகம் இறங்கி மூடிக் கிடந்தது. அவள் ரோட்டோரச் சுவரில் சாய்ந்து கையை நீட்டினாள். “அக்கட்ட பாருங்க. பச்சைத் தகரம் போட்டது. அதுதானுங்க.”

“எங்க?”

“அங்க இல்லீங்க.” என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். காரமடைத் தண்ணீர் பட்ட கை இங்கே வந்து ஜில்லென்று இருந்தது. ஒரே வெள்ளை. கீழே எங்கேயோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், அதற்கு மேலே ஒரு பொம்பளை யாரையோ வைகிற சத்தம். தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

“இன்னுங் கொஞ்சம் காட்டு” என்றேன்.

“இன்னுங் கீழீங்க” என்று அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல, மேகத்துக்குள் இறக்கினாள்.